எங்கள் வாசிகசாலை அறிவித்தல் பலகையைத் துப்புரவாக்கின கதை

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவினது பலருக்கு நினைவிருக்கும். நவம்பர் கடைசியில் கொட்டின மழையில் வயலும் வளவும் ஒன்றாகிப் போய், வெள்ளம் வடிந்த கையோடு காய்ச்சல் தொடங்கியது. முதலில் என்ன காய்ச்சல் என்றே விளங்கவில்லை, பிறகு எலிக்காய்ச்சல் என்று தெரியவந்து, வயலுக்குள் இறங்கும் ஆட்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், அதாவது பி.எச்.ஐ.யும், ஓர் அறிவித்தலைக் கொண்டுவந்து எங்கள் வாசிகசாலைப் பலகையில் ஒட்டினார். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடத்தில் மாத்திரை. அவர் ஒட்டினது ஒரு பின்னேரம். அடுத்தநாள் விடிய நான் கதவு திறக்கப் போனால் அதற்கு மேல் ஒரு ரியூசன் போஸ்டர், 2026 உயர்தரப் பரீட்சைக்குப் புதிய வகுப்பு ஆரம்பமாம், வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். மாத்திரை அறிவித்தலில் கீழ்க்கரை மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே தெரிந்தது. அந்த இரண்டு விரலுக்குள் இருந்தது கையொப்பமும் றபர் முத்திரையும்.

என் பக்கத்து வீட்டு அண்ணை பத்துப் பரப்பு வயல் செய்கிறவர். தினம் காலையில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமல், ஒரு காலை வாசிகசாலைப் படியில் ஊன்றிக்கொண்டு பலகையைப் பார்த்துவிட்டுத்தான் போவார். மாத்திரை கொடுத்த நாள் முடிந்த பிறகு அவரைக் கண்டு, "போய் எடுத்தனீங்களே?" என்று கேட்டேன். "உதிலை ஒண்டும் இருக்கேல்லையே தம்பி, நான் பாத்தனான்" என்றார். நல்லகாலம், இரண்டு நாள் கழித்து வேறோர் இடத்தில் எடுத்துக்கொண்டார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் செயலாளர் என்று என் பெயரும் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு சட்டகத்தில் தொங்குகிறது, மனம் கேட்குமா.

அன்றைக்குத்தான் பலகையை வடிவாகப் பார்த்தேன். அதுவரை தினம் கடந்துபோயிருக்கிறேன், பார்த்ததில்லை. எட்டடிக்கு நாலடி பிளைவூட் பலகை, முன் விறாந்தைச் சுவரில், வீதியைப் பார்த்தபடி. அதில் பிளைவூட் எங்கும் தெரியவில்லை. போஸ்டருக்கு மேல் போஸ்டர், நடுவில் விரல் விட்டால் பொதபொதவென்று அமுங்கும்.

தைப்பொங்கலுக்கு முதல் கிழமை நானும் மூன்று பெடியளும் வாளியில் தண்ணீரும் மேசன் கரண்டியுமாக இறங்கினோம். அரை நாளில் முடியும் என்று நினைத்தது இரண்டு நாள் எடுத்தது. மா காய்ச்சின பசை காய்ந்தால் சீமெந்து மாதிரி. கிணறு வெட்டுகிறபோது மண் மாறி மாறி வருமே, அதேபோலத்தான் இதுவும் வந்தது. மேலே 2024இன் இரண்டு தேர்தல்கள், அதற்குக் கீழே ஒரு குவியல் கண்ணீர் அஞ்சலி, அதற்குக் கீழே பொருளாதார நெருக்கடி வந்த 2022. அந்த 2022 படைதான் கனம் கூட. மின்வெட்டு அட்டவணை மட்டும் ஒன்பது எண்ணினேன், ஏ, பி, சி என்று குழுக் குழுவாக, மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டின காலத்து அட்டவணையும் அதற்குள் இருந்தது. எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை எடுப்பது எப்படி என்று அந்த ஜூலையில் ஒட்டினதும் இருந்தது. அதற்கும் கீழே 2020 ஊரடங்கு, அடியில் மஞ்சளாகிப்போன ஏதோ ஒரு கருத்தரங்கு, அதற்கும் அடியில் கரப்பான் முட்டையும் கறையான் மண்ணும்.

மாஸ்டர், அதாவது எங்கள் தலைவர், எனக்கு ஏழாம் எட்டாம் வகுப்பில் சரித்திரம் படிப்பித்தவர், நாங்கள் உரித்துப் போட்டதைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் எறிஞ்சு போடாதையும் தம்பி" என்றார். எனக்குச் சினம் வந்தது, முதுகு நொந்துகொண்டிருந்த நேரம். ஆனால் அவருடைய ஆட்கள் வேறு மாதிரி. 1981 ஜூன் முதலாம் திகதி விடிந்தபோது யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பல். அதைத் தம் கண்ணால் போய்ப் பார்த்துவிட்டு வந்த தலைமுறைக்கு ஒரு துண்டுப் பிரசுரத்தைக்கூட எறியக் கை வராது. அந்தக் கையால்தான் எங்கள் பலகையும் பதினைந்து வருடம் உரிக்கப்படாமல் இருந்திருக்கிறது என்று பிறகு யோசித்தபோது விளங்கியது. யாருக்கும் சோம்பல் இல்லை, எடுக்கத் துணிவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு சமரசம். ஒவ்வொரு வகையிலும் கிழியாமல் வந்ததில் ஒன்றை எடுத்துக் காயவைத்து ஒரு பெட்டிக் கோப்பில் போட்டோம். மாஸ்டர் திருப்திப்பட்டார். இப்போதும் பலகையிலிருந்து இறங்குவதில் வைத்துக்கொள்ள வேண்டியது என்று தோன்றினால் அந்தக் கோப்புக்குள் போகும். 2005 தொடங்கி இணையத்தில் இயங்கும் நூலகம் தளத்தில் ஈழத்து நினைவு மலர்களும் பிரசுரங்களும் எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இந்தக் கோப்பின் அருமை விளங்கும். நடைமுறையாகச் சொன்னால், "எறியப் போகிறோம்" என்றால் சண்டை வரும், "கோப்புக்குள் வைக்கப் போகிறோம்" என்றால் வராது. பலகை காலியாவது என்னவோ ஒன்றுதான்.

உரித்து முடிந்ததும் அளந்து பார்த்தேன். ஏ4 தாளை இடைவெளி இல்லாமல் அடுக்கினால் அகலத்தில் 11, உயரத்தில் 4, மொத்தம் 44 தாள். அது தாங்கும் அளவு, வாசிக்கும் அளவு அல்ல. மேலே தலைப்புக்கு ஒரு பட்டி விட்டு, தாளுக்கும் தாளுக்கும் நடுவில் நாலு விரல் இடம் விட்டால் 9க்கு 3, இருபத்தேழு. எங்கள் ஊர் மாதிரி ஓர் ஊருக்கு ஒரு நேரத்தில் இருபத்தேழு செய்திக்கு மேல் என்ன இருக்கப்போகிறது?

இந்த இடத்தில் நான் விட்ட பெரிய பிழையைச் சொல்ல வேண்டும். பலகைக்கு வெளிர்பச்சைப் பெயின்ற் அடித்து, வெள்ளைக் கோடு போட்டுப் பதினொரு பெட்டியாகப் பிரித்தேன். மரண அறிவித்தல், கோயில், பாடசாலை, ரியூசன், சுகாதாரம், அரச அறிவித்தல், விளையாட்டு, வேலைவாய்ப்பு, விற்பனை, வாசிகசாலை, ஏனையவை. எழுத்துக்காரரைப் பிடித்துத் தலைப்பெல்லாம் வடிவாக எழுதுவித்தேன், காசும் போனது. பார்க்க ஏதோ கந்தோர் மாதிரி இருந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை, படமெடுத்து ஆட்களுக்கு அனுப்பினேன்.

மூன்று கிழமை. வேலைவாய்ப்புப் பெட்டியில் ஒரு தாளும் இல்லை, விளையாட்டில் போன வருடத்து உதைபந்தாட்ட முடிவு, "ஏனையவை" மட்டும் பிதுங்கி வழிந்தது. ஒரு நாள் விளையாட்டுக் கழகப் பெடியன் ஒருவன் கையில் மூன்று தாளோடு வந்து நின்றான். கோயில் மண்டபத்தில் அவர்கள் கழகம் நடத்துகிற இரத்ததான முகாம். "அண்ணை, இது கோயிலோ, சுகாதாரமோ, விளையாட்டோ?" என்றான். எனக்கும் தெரியவில்லை. அவன் கெட்டிக்காரன், மூன்றிலும் ஒட்டிவிட்டுப் போய்விட்டான். ஒரே செய்தி மூன்று இடத்தில்! குப்பையைக் குறைக்கப் போட்ட பெட்டி குப்பையை மூன்றாக்கியது.

பிறகுதான் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். ஒரு கிழமை காலையிலும் பின்னேரத்திலும் விறாந்தை வாங்கில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, பலகைக்கு வருகிற ஆட்களை ஓரக்கண்ணால் பார்த்தேன். சிலரிடம் வாயைக் கொடுத்தும் கேட்டேன். அப்பியாசக் கொப்பியில் குறித்துக்கொண்டேன். நான் கண்டது இதுதான். பெரும்பாலானவர்கள் சைக்கிளிலிருந்தோ மோட்டார் சைக்கிளிலிருந்தோ இறங்குவதில்லை. அப்படியென்றால் ஆறேழு அடி தூரத்திலிருந்து வாசிக்கிறார்கள், அதுவும் பத்துப் பதினைந்து செக்கன். வருகிறவர் "கோயில் பகுதியில் என்ன இருக்கிறது" என்ற எண்ணத்தோடு வருவதில்லை. அவர் மனதில் இருப்பது மூன்றே கேள்வி. ஆர் செத்தது? இண்டைக்கு நாளைக்கு என்ன, கரன்ட் எப்ப போகும், கிளினிக் எப்ப? இந்த மாதத்தில் என்ன வருகிறது, தேர் எப்ப, கூட்டம் எப்ப? மூன்றில் இரண்டு கேள்வி நேரத்தைப் பற்றியது. நான் பிரித்தது பொருளின்படி.

போட்ட கோடெல்லாம் அழித்து மறுபடி பெயின்ற். எழுத்துக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இம்முறை நாலே பிரிவு. இடப்பக்கம் கண் மட்டத்தில் "இன்று, நாளை". நடுவில் பெரிதாக "இந்த மாதம்". வலப்பக்கம் "துயர் பகிர்வு", தனியாக, கறுப்புக் கரை போட்டு. கீழே ஓரமாக "எப்போதும்". அந்தக் கடைசிப் பிரிவுக்கு முதலில் ஆறு தாள் சேர்ந்திருந்தது, ஆறும் பெரும்பாலும் தொலைபேசி இலக்கம், ஆகவே ஒரே தாளில் பெரிய எழுத்தில் அடித்து லேமினேட் பண்ணிவிட்டோம். அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவம் 117, மின்சாரசபை 1987, பிறகு கிராம அலுவலர், குடும்பநல மாது, பி.எச்.ஐ. ஆறு தாள் ஒன்றானது. சொல்லப்போனால் பலகையில் பாதி இடத்தை நிலையான சங்கதிகள்தான் தின்றுகொண்டிருந்தன. யாப்பு, நிர்வாகசபைப் பட்டியல், சந்தா கட்டாதவர் பட்டியல் (அது பெரிய சண்டை, அதை விடுவோம்), தலைவரின் ஆண்டறிக்கை. இவை எல்லாம் உள்ளே மேசைக்குப் போயின. மாஸ்டருக்கு ஆண்டறிக்கை மேல் வரிசையில் இருக்க வேண்டும் என்று ஆசை. "மாஸ்டர், ஆறு பக்கம், சைக்கிளிலை இருந்து வாசிக்க ஏலாது" என்றேன். இரண்டு நாள் கதைக்கவில்லை, பிறகு சரி.

பிரிவு போட்டால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு, போதாது. இரண்டு மாதத்தில் மறுபடி நிரம்பத் தொடங்கியது. ஒட்டுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், கழற்றுகிறவர் யார்? அந்தக் கேள்விக்கு நான் சண்டை வாங்கித்தான் பதில் கண்டேன்.

ஒரு ஞாயிறு, முடிந்துபோனதையெல்லாம் கழற்றிக்கொண்டு வந்தபோது துயர் பகிர்வில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர், மூன்று மாதமாகிவிட்டது, வெயிலில் படமும் வெளிறிப்போய், ஒரு மூலை தொங்கியது. அந்த அம்மாவை எனக்கும் தெரியும், எங்கள் வீட்டுக்கு மோர் கொண்டுவந்து தந்தவர். அந்தியேட்டியும் முடிந்தது, கல்வெட்டு என்கிற நினைவு மலரும் வாங்கியாயிற்று. எடுத்தேன், எடுக்கும்போது பசை இழுத்து முகத்துக்குக் குறுக்கே கிழிந்துபோனது. அவ்வளவில் விட்டிருக்கலாம், நான் அதை மற்றத் தாள்களோடு சேர்த்துப் படிக்குப் பக்கத்தில் வைத்தேன், எரிப்பதற்கு. கால் மணித்தியாலத்தில் அந்த அம்மாவின் மகள் வந்து நிற்கிறா.

"அம்மாவின்ரை முகத்தை ஏன் கிழிச்சனீங்கள்?"

நான் என்ன சொல்ல. மூன்று மாதமாகிவிட்டது அக்கா, இடமில்லை, மற்ற ஆட்களும் கேட்கிறார்கள் என்று ஏதோ சொன்னேன். "அதை எங்களிட்டைச் சொல்லியிருக்கலாமே" என்றா. பேச்சு உயரவில்லை. தாள்களுக்குள் இருந்து அந்த இரண்டு துண்டையும் எடுத்து, மண்ணைத் தட்டி, மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனா. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அதன் பிறகு வந்ததுதான் எங்கள் ஒரே கடுமையான விதி. எந்தத் தாள் வந்தாலும் ஒட்டுகிறபோதே கீழ் வலது மூலையில் "எடுக்கும் திகதி" எழுத வேண்டும், எழுதுவது ஒட்டுகிற ஆள், நாங்கள் அல்ல. கூட்டம் என்றால் கூட்டத்துக்கு மறுநாள். கோயில் என்றால் தீர்த்தத்துக்கு மறுநாள். மரண அறிவித்தல் என்றால் அந்தியேட்டி, அதாவது 31ஆம் நாள், அதற்கு மறுநாள். வீட்டுக்காரரே தம் கையால் அந்தத் திகதியை எழுதுகிறபோது அதற்குப் பிறகு சண்டைக்கு இடமில்லை. துயர் பகிர்வில் உள்ளதை மட்டும் கழற்றி எரிப்பதில்லை. பசையும் இல்லை அங்கே, குண்டூசிதான், கிழியாமல் எடுத்து ஒரு கடித உறையில் போட்டு வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். போனால் தேத்தண்ணி தருவார்கள், அரை மணித்தியாலம் போகும். அந்த அரை மணித்தியாலத்தைச் செலவழிக்க மனமில்லாதவர் இந்த வேலைக்கு வரக்கூடாது என்பது என் எண்ணம்.

திகதி இல்லாத தாளை ஏழு நாளில் எடுப்போம் என்றும் எழுதிப் போட்டோம். முதல் மாதம் முக்கால்வாசித் தாளுக்குத் திகதி இருக்காது. பலகைக்குப் பக்கத்தில் ஒரு மார்க்கரை நூலில் கட்டித் தொங்கவிட்ட பிறகு சரியானது. மார்க்கர் இரண்டு முறை களவு போனது, மூன்றாவது பென்சில், அது இன்னும் தொங்குகிறது.

கழற்றுகிற பொறுப்பை ஞாயிறு விட்டு ஞாயிறு இரண்டு பேருக்குக் கொடுத்தோம், நானும், பேப்பர் வாசிக்க வருகிற உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தியும். அந்தப் பிள்ளை என்னைவிடக் கண்டிப்பு. அவள் கண்டுபிடித்த ஒன்று, திகதியோடு கிழமையையும் எழுதுவது. "12ஆம் திகதி" என்றால் ஆட்கள் நாட்காட்டியைத் தேடுகிறார்கள், "வியாழன்" என்றால் உடனே பிடிபடுகிறது. அவள்தான் ஒவ்வொரு தாளுக்கும் மேல் தடித்த எழுத்தில் ஒரே ஒரு சொல் எழுதி ஒட்டத் தொடங்கினாள். "கரன்ட்", "தண்ணீர்", "கிளினிக்", "சோலைவரி", "தேர்". அரச அறிவித்தல்களில் தலைப்பே மூன்று வரிக்கு ஓடும், இன்ன சட்டத்தின் இன்ன பிரிவின் கீழ் என்று, சைக்கிளில் இருக்கிறவருக்கு அது எதைப் பற்றியது என்று விளங்குவதற்குள் பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கும். கோயில் நோட்டீசுகளும் அப்படித்தான், பத்துப் பதினைந்து நாள் திருவிழாவுக்கும் உபயகாரர் பெயர் ஒன்றும் விடாமல் இருக்கும், இருக்கத்தான் வேண்டும், ஆனால் பலகையில் ஆட்கள் தேடுவது கொடியேற்றம், தேர், தீர்த்தம் மூன்றும் எந்த நாள் என்றுதான். அந்த மூன்றுக்கும் கோடிட்டுவிடுவோம்.

சிவப்பு எழுத்துக்கும் ஒரு கட்டுப்பாடு. "முக்கியம்", "அவசரம்" என்று எல்லாரும் சிவப்பில் எழுதிக்கொண்டு வருகிறார்கள், பொங்கல் கோலப் போட்டிகூட அவசரம். ஒரு நேரத்தில் பலகையில் ஒரு சிவப்புத்தான், அது எது என்று அந்த ஞாயிறுக்குப் பொறுப்பானவர் தீர்மானிப்பார், மற்றவை நீலம். சிவப்பு மார்க்கர் வெயிலில் இரண்டு கிழமையில் ரோஸ் நிறமாகிவிடும் என்பதும் ஒருவகையில் நல்லது, பழைய அவசரம் தானாகவே ஆறிப்போகிறது.

ரியூசன் போஸ்டர் சங்கதிக்கு வருகிறேன், ஏனென்றால் தொடக்கமே அதுதானே. எங்கள் பக்கத்தில் மூன்று நான்கு ரியூசன் நிலையங்கள், ஒருவருடையதற்கு மேல் மற்றவர் இரவில் ஒட்டுவது ஒரு போட்டி. கெஞ்சிப் பார்த்தோம், கிழித்தும் பார்த்தோம், கிழித்தால் அடுத்த இரவு இரண்டு ஒட்டுவார்கள். கடைசியில் நாங்களே ஒரு அட்டவணை போட்டோம், ஒரே தாள். பாடம், எந்த ஆண்டு, ஆசிரியர் பெயர், நாள், நேரம், தொலைபேசி, ஒருவருக்கு ஒரு வரி. போஸ்டர் ஒட்டாதவருக்கு மட்டும் அந்த வரி. "என்ரை படம் இல்லாமல் ஆர் வருவினம்?" என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். ஆனால் அட்டவணை போட்ட மூன்றாம் நாளே தாய்மார் இரண்டு பேர் பலகைக்கு முன்னால் நின்று பிள்ளையின் கொப்பியில் நேரங்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்ததை அவரே கண்டார். எந்தப் பாடம் எந்தப் பாடத்தோடு இடிக்கும் என்று பார்க்க ஒரு தாளில் எல்லாம் இருந்தால்தானே வசதி. இப்போது அவர் பெயர்தான் முதல் வரி. அகர வரிசையில் போட்டோம், அது அவருடைய அதிர்ஷ்டம்.

ஒன்று எதிர்பார்க்காதது. பலகை துப்புரவான புதிதில் ஏழெட்டுத் தாள்தான் இருந்தது, ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. "என்ன, வாசிகசாலை பூட்டியாச்சோ?" என்றே ஒருவர் கேட்டார். வெறுமையாக இருக்கிற இடத்தைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை துறுதுறுக்கும், அடுத்த நாளே தொலைபேசிக் கடை விளம்பரம் ஒன்று வந்து குந்தியது. இதற்கு மருந்து, தாள் வைக்கும் இருபத்தேழு இடத்துக்கும் வெள்ளைப் பெயின்றால் மெல்லிய சட்டம் வரைந்துவிட்டதுதான். சட்டம் இருந்தால் வெறுமையும் இடம் போலத் தெரிகிறது, பாழ் போலத் தெரிவதில்லை. பிரிவுத் தலைப்பு இல்லாத சட்டம் என்றபடியால் பழைய பதினொரு பெட்டிச் சிக்கலும் வரவில்லை. ஏ3 தாள் கொண்டுவந்தால் இரண்டு சட்டம் போகும், அதைவிடப் பெரிது என்றால் மதிலில் கட்டுங்கள்.

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல்தான் உண்மையான பரீட்சை. முந்தின வருடம் செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல் இரண்டும் பலகையை என்ன பாடு படுத்தின என்று உரித்தபோது கண்டோமே. தேர்தல் காலத்தில் பொது இடத்தில் போஸ்டர் ஒட்டுவது சட்டப்படியும் பிழை, ஆனால் சட்டத்தைச் சொல்லிக்கொண்டு விடிய நாலு மணிக்கு நான் போய் நிற்க முடியாது. உள்ளூராட்சித் தேர்தல் என்றால் இன்னும் சிக்கல், நிற்கிறவர்கள் எல்லாரும் சொந்தக்காரர், ஒருவர் எனக்கு மச்சான் முறை. ஆகவே நிர்வாகசபையைக் கூட்டி, எந்தக் கட்சித் தாளும் இல்லை, நல்லது கெட்டது இரண்டுக்கும் ஒரே பதில் என்று தீர்மானம் எழுதி, கையொப்பமிட்டு, வாக்களிப்பு நிலையமும் நேரமும் மட்டும் சிவப்பில் போட்டோம். மச்சான் இரண்டு இரவு ஒட்டினார், இரண்டு விடியலும் நான் கழற்றி அவர் வீட்டுப் படலையிலேயே செருகிவிட்டு வந்தேன். மூன்றாம் இரவு ஒட்டவில்லை. தேர்தலில் வென்றாரா தோற்றாரா என்று சொல்ல மாட்டேன்.

சில்லறைச் சங்கதிகள் சில, யாராவது செய்ய நினைத்தால் உதவும். இரும்புக் குண்டூசி மாரியில் கறள் பிடித்துத் தாளில் மண்ணிறக் கோடு விடும், தலையில் பிளாஸ்டிக் உள்ளதும் அப்படித்தான், பித்தளை கிடைத்தால் நல்லது. பிளைவூட்டில் ஊசி இறங்காது, பழைய செருப்பு றபர்த் தகட்டை அளவுக்கு வெட்டிச் சட்டத்தின் மேல் விளிம்பில் ஒட்டிவிட்டோம், அதில் இறங்கும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும், எங்கள் விறாந்தை கிழக்குப் பார்த்தது, ஆகவே அந்த மூன்று மாதமும் தாள்கள் பிளாஸ்டிக் உறைக்குள். கண்ணாடிக் கதவும் பூட்டும் போடலாம் என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் காசு அனுப்பத் தயாராக இருந்தார், நான் வேண்டாம் என்றேன். பூட்டுப் போட்டால் திறப்பு என்னிடம் இருக்கும், திறப்பு என்னிடம் இருந்தால் நான் இல்லாத நாள் மரண அறிவித்தல் மதிலில் ஏறும்.

"இதெல்லாம் ஏன் அண்ணை, வட்ஸ்அப்பிலை போட்டால் முடிஞ்சுதே" என்று பெடியள் சொல்லாமலா இருந்தார்கள். ஊர் வட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் காலை வணக்கமும் பூவும் கடவுள் படமுமாக ஓடுகிற ஓட்டத்தில் கிளினிக் செய்தி பத்து நிமிடத்தில் மேலே போய்விடும், என் பக்கத்து வீட்டு அண்ணையிடம் இருப்பது பொத்தான் அமத்துகிற தொலைபேசி. ஆனால் உயர்தரம் படிக்கும் அந்தப் பிள்ளை ஞாயிறு பின்னேரம் பலகையை ஒரு படமெடுத்துக் குழுவில் போடத் தொடங்கினாள், கிழமைக்கு ஒரே ஒரு படம். அதற்கு இப்போது கனடாவிலும் பாரிசிலும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். படம் போகக் கொஞ்சம் பிந்தினால் "பலகை எங்கை?" என்று கேள்வி வரும். பெரிதாக்கிப் பார்த்து, வலப்பக்கம் இரண்டாவது ஆள் ஆர், எங்கடை சின்னமாமாவின்ரை பகுதியோ என்று கேட்பார்கள். பதில் எழுதுவது மாஸ்டர். ஒரு விரலால் தட்டித் தட்டி, மூன்று தலைமுறைச் சரித்திரத்தோடு.

போன மாதம் "இந்த மாதம்" பகுதியில் கையால் எழுதின ஒரு தாள் வந்திருந்தது. வெள்ளாடு ஒன்றைக் காணவில்லை, இடது காதில் கறுப்புப் புள்ளி, கண்டால் இந்த இலக்கத்துக்குச் சொல்லவும். எழுதினது ஒரு சின்னப் பிள்ளை என்று எழுத்தில் தெரிந்தது. கீழ் வலது மூலையில் தொங்குகிற பென்சிலால், விதிப்படி, "எடுக்கும் திகதி: ஆடு வந்த அன்று". ஞாயிறு உயர்தரம் படிக்கும் பிள்ளையின் முறை, கண்டிப்பானவள், எடுத்திருப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு என் முறை, நானும் எடுக்கவில்லை. நேற்றுப் பார்க்கிறேன், தாள் நனையாமலிருக்க யாரோ அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறார்கள்.